காத்திருக்கும் நெல்லுக்குக் கணக்கு எங்கே?

சென்ற பங்குனியில், காவிரிப் பாசனப் பகுதியில் நெல் கொள்முதலை ஏற்று நடத்தும் சங்கம் ஒன்றின் பதிவேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. நாம் சொல்லப்போவது அந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் உரிய குறையன்று. கொள்முதல் எடைக்கும் ஆலையில் இறக்கிய எடைக்கும் 4,700 கிலோ வேறுபாடு இருந்தது. ஏறத்தாழ 117 சிப்பம். பருவகாலப் பணியில் இருந்த பட்டியல் எழுத்தருக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு போயிருந்தது. அவர் இருபத்தைந்து வயது இளைஞர். அறிவிப்புத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நம் எதிரில் நின்று ஒரே கேள்விதான் கேட்டார்: “ஐயா, வெயிலில் நெல் காய்ந்தது என் குற்றமா?”

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. மாலையில் தங்குமிடத்தில் அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 33.2 கிலோ, எஞ்சியது நீர். அந்நெல் திறந்த வெளியில் நாற்பது நாள் கிடந்து ஈரம் 15 சதவீதமாக இறங்கினால் அதே சிப்பம் 39 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். சிப்பத்துக்குக் குறைவு 940 கிராம். அவர் பொறுப்பில் இருந்தவை 5,000 சிப்பங்கள். பெருக்கிப் பார்த்தால் 4,700 கிலோ வருகிறது. ஒரு மணி நெல்லும் களவு போகவில்லை. நீர் ஆவியாயிற்று, அவ்வளவே. ஆனால் நெல் வாங்கிய நாளையும் அது லாரி ஏறிய நாளையும் சேர்த்துக் காட்டும் ஏடு ஒன்றும் அச்சங்கத்தில் இல்லை. ஏற்றும்போது ஈரம் அளந்த குறிப்பும் இல்லை. ஆகவே அவர் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கவும் வழியில்லை. குற்றவாளி என்று மெய்ப்பிக்கவும் வழியில்லை. முந்தைய ஆண்டு அதே சங்கத்தில், ‘எடைக் குறைவு: பொறுப்பாளரிடம் விளக்கம் பெறுக’ என்று நாமே எழுதிக் கையொப்பமிட்டு வந்திருக்கிறோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வயலிலிருந்து சோற்றுப் பானை வரை உணவுப் பொருள் செல்லும் வழி முழுவதையும் ஒரே தொடராக வைத்து நடத்தும் கலையை இக்காலக் கல்லூரிகளில் ‘வழங்கல் சங்கிலி மேலாண்மை’ என்று பாடமாக வைத்திருக்கிறார்கள். நாமும் படித்தோம், தேர்வும் எழுதினோம். அப்பாடத்தில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் வந்தன. நெல் வரவில்லை. அரிசி ஆலையும் தொழிற்சாலைதான் என்றும், அதன் மூலப்பொருள் மழையில் முளைக்கும், வெயிலில் எடை குறையும் என்றும் பணிக்கு வந்த பிறகே அறிந்தோம்.

நெல்லின் பயணத்தைச் சிறிது நின்று பார்ப்போம். உழவர் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டுகிறார். ஈரம் பார்க்கிறார்கள், பதரும் கருக்காயும் போகத் தூற்றுகிறார்கள், 40 கிலோவாக நிறுத்துச் சாக்கில் இட்டுத் தைக்கிறார்கள். சிப்பங்கள் அடுக்கப்படுகின்றன. பின்னர் லாரி வருகிறது. நெல் ஆலைக்கோ, திறந்தவெளிச் சேமிப்பு நிலையத்துக்கோ போகிறது. ஆலையில் ஊறல் தொட்டி, நீராவி, உலர்த்தல், உமி நீக்கல், தீட்டல் என்று நிலைகள் பல. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோவும், பச்சரிசியானால் 67 கிலோவும் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. உமி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அது கொதிகலனுக்கே எரிபொருளாகிறது. அரிசி 50 கிலோ மூட்டையாகிக் கிடங்குக்கும், அங்கிருந்து நியாய விலைக் கடைக்கும் போகிறது. நம் மாநிலத்தில் அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. ஆகையால் இத்தொடரின் கடைக்கோடி நம் கையில்தான் இருக்கிறது. நெல் விளைவிப்போர் நம் உறுப்பினர் என்பதால் முதற்கோடியும் நம்முடையதே.

இந்நிலைகள் ஒவ்வொன்றிலும் வேலை நடக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நிறுத்துத் தைக்கச் சில நிமிடங்கள். லாரிப் பயணம் சில மணி. ஊறவைத்து அவித்து உலர்த்தி அரைக்க இரண்டு நாள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆக, நெல் அரிசியாவதற்கு ஒரு வாரம்கூட வேண்டியதில்லை. ஆனால் மாசியில் வாங்கிய நெல் வைகாசியிலும் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். அந்த எஞ்சிய நாட்கள் எல்லாம் காத்திருப்பு. களத்தில் எடைக்காகவும், அடுக்கில் லாரிக்காகவும், ஆலை வாசலில் ஊறல் தொட்டிக்காகவும், ஆலைக்குள் கிடங்கில் இடம் காலியாவதற்காகவும் நெல் காத்திருக்கிறது. கெடுவது வேலை நடக்கும்போதன்று, காத்திருக்கும்போதுதான் கெடுகிறது. நம் பதிவேடுகளில் எடைக்குக் கட்டம் உண்டு. பணத்துக்குக் கட்டம் உண்டு. காத்திருந்த நாட்களுக்கு மட்டும் கட்டம் இல்லை.

நெசவாள உறுப்பினர்கள் இது உழவர் பாடு என்று ஏட்டை மூடிவிட வேண்டா. பாவு தறியில் ஏறிய பிறகு ஊடைக்குரிய சாயநூல் வராமல் தறி நின்ற நாட்கள் உங்களுக்குத் தெரியும். நூற்பாலை நன்றாக ஓடியது, சாயப்பட்டறையும் ஓடியது, தறியும் பழுதில்லை. ஆனாலும் கூலி இல்லை. இரண்டு நல்ல இடங்களுக்கு நடுவே பொருள் எங்கோ தங்கிவிட்டது. நெல்லின் கதையும் அதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நூல் ஒரு மாதம் தங்கினாலும் நூலாகவே இருக்கும்.

முற்காலத்திலும் நெல் காத்திருந்தது. அறுத்து, கட்டி, போர் போட்டு, அடித்து, களத்தில் காயவைத்துக் குதிரிலும் பத்தாயத்திலும் கொட்டி வைத்தார்கள். அங்கே காத்திருந்தது காய்ந்த நெல். அறுவடையும் ஊர் ஊராக, ஆள் கிடைத்த அளவுக்கு வாரக்கணக்கில் நீண்டது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு வட்டாரத்தையே சில நாட்களில் அறுத்துத் தள்ளுகிறது. நெல் ஈரத்தோடு, ஒரே வேளையில் களத்துக்கு வருகிறது. மேட்டூர் அணை வழக்கம்போல் சூன் 12இல் திறந்தால் குறுவை அறுவடை புரட்டாசி ஐப்பசியில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் தொடங்கும். சங்கிலியின் முதற்கண்ணியை மட்டும் பன்மடங்கு விரைவாக்கிவிட்டுப் பின்னுள்ள கண்ணிகளைப் பழைய விரைவிலேயே விட்டுவைத்தோம். இயந்திரத்தை நாம் குறைகூறவில்லை. அது வந்திராவிட்டால் அறுக்க ஆளின்றி வயலிலேயே உதிர்ந்திருக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் ஐந்து கொள்முதல் நிலையங்கள். ஒவ்வொன்றும் நாள்தோறும் 1,000 சிப்பம் வாங்குகிறது. அவற்றுக்கென உள்ள ஆலை நாளொன்றுக்கு 40 டன் அவிக்க வல்லது. 40 டன் என்றால் 1,000 சிப்பம். எனவே நாள்தோறும் 4,000 சிப்பம் மிஞ்சும். பத்தே நாளில் 40,000 சிப்பம். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதன்படி ஒரு சிப்பம் சரியாக 1,000 ரூபாய். நான்கு கோடி ரூபாய்ச் சரக்கு தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. கொள்முதலுக்கு வாங்கிய கடனுக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று கொண்டால், அச்சரக்கு கண்மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் வட்டி. இத்தொகை எந்தச் சங்கத்தின் இலாப நட்டக் கணக்கிலும் ‘காத்திருப்பு’ என்ற தலைப்பில் வருவதில்லை. வட்டி என்ற பொதுத் தலைப்பில் புகுந்து மறைந்துவிடுகிறது.

மழைக்காலக் காத்திருப்பு இன்னும் கொடியது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லை வாங்க மைய அரசின் தளர்வு ஆணை வேண்டும். சில ஆண்டுகளில் அது தரப்பட்டும் உள்ளது. ஆணை வரும்வரை உழவர் களத்திலேயே குவியலுக்குக் காவல் கிடக்கிறார். காலையில் பரப்புகிறார், மேகம் கறுத்தால் குவிக்கிறார், மீண்டும் பரப்புகிறார். 22 சதவீத ஈர நெல் 17க்கு இறங்க 40 கிலோவில் 2.4 கிலோ நீர் போக வேண்டும். குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தால் சூடு தெரியும். மூன்றாம் நாள் முளை வெளுத்துத் தெரியும். இரண்டு ஏக்கர் குத்தகை உழவர் ஒருவர் ஐந்தாம் நாள் மனம் தளர்ந்து, கிடைத்த விலைக்கு வணிகரிடம் தள்ளிவிட்டுப் போனார். அவரை நாம் அறிவோம். அவர் பெயர் எந்தச் சங்கப் பதிவேட்டிலும் இல்லை. ஏனெனில் அவர் நெல்லை நாம் வாங்கவே இல்லையே! காத்திருப்பால் இழந்தவர்களின் பட்டியல் இவ்வாறுதான் எழுதப்படாமலே போகிறது.

எடையை மட்டும் பார்க்கும் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோடையில் ஒழுங்காகக் காய்ந்த நெல் எடை குறைந்து எழுத்தரைக் குற்றவாளியாக்குகிறது. மழையில் நனைந்த நெல்லோ எடை குறைவதில்லை. சில வேளைகளில் கூடவும் செய்யும். அந்தக் கணக்கு சரியாக இருக்கும். அரிசிதான் சரியாக இராது. பழுப்பேறிய, நாற்றம் பிடித்த அரிசி கடைக்கு வரும். கடைப் பணியாளர் வசவு வாங்குவார். நெசவாளர் வீட்டு அம்மையார் படியளந்து வாங்கிய அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டுக் கடனுக்கு வேறு அரிசி வாங்குவார். நன்றாகக் காத்தவருக்குத் தண்டனை, நனையவிட்டவருக்கு நற்சான்று என்று ஆகிவிட்டது நம் தணிக்கை.

சாக்கைப் பற்றியும் ஒரு சொல். சாக்கும் நெய்த பொருள்தான். உணவுத் தானியத்தைச் சணல் சாக்கில் கட்ட வேண்டும் என்பதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அச்சாக்குகள் பெரும்பாலும் மேற்கு வங்க ஆலைகளில் நெய்யப்பட்டு நெடுந்தொலைவு வருபவை. அறுவடைக்குப் பின் சாக்கு இல்லை என்று கை விரிப்பதில் பொருளில்லை. அறுவடைக்குப் பல மாதம் முன்பே எண்ணிக் கேட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் நெல் இருந்தது, தராசு இருந்தது, ஆள் இருந்தார், பணமும் இருந்தது. சாக்கு வராமையால் மூன்று நாள் கொள்முதல் நின்றது. செறிவூட்டிய அரிசி மணியை நூற்றுக்கு ஒன்று வீதம் கலக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2021ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின் வந்தபோதும் இதே நிலைதான். அந்த ஒரு கிலோ வராவிட்டால் மற்ற 99 கிலோவும் ஆலையில் நிற்கும். அது நின்றால் ஊறல் தொட்டி நிற்கும். பின்னால் லாரி நிற்கும். கடைசியில் களத்தில் தராசு நிற்கும். அடைப்பு கீழே, வீக்கம் மேலே.

தனியார் ஆலை முதலாளிகள் இவ்வளவு தொல்லைப்படுவதில்லையே என்று சில உறுப்பினர்கள் பொதுப்பேரவையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர் தம் தொட்டியும் உலர்த்தியும் ஏற்கும் அளவே வாங்குகிறார். மிகுதியை வேண்டா என்று சொல்லிவிடுகிறார். அவருடைய சங்கிலி ஒழுங்காக ஓடுவதன் மறைபொருள் பெரிதும் அந்த ‘வேண்டா’வில்தான் இருக்கிறது. கூட்டுறவுக்கு அச்சொல்லைச் சொல்ல உரிமை இல்லை. வரும் நெல் அனைத்தையும் ஏற்கக் கடன்பட்டவர்கள் அவரைவிட நுணுக்கமாகத் திட்டமிட வேண்டாமா? நடப்பது நேர்மாறு. சாகுபடிப் பரப்பு எவ்வளவு என்பது பயிர் நிற்கும்போதே தெரியும். எந்த ஊரில் எப்போது அறுப்பார்கள் என்பது அறுவடை இயந்திரத் தரகருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. அவரை அழைத்துக் கேட்ட சங்கம் ஒன்றைத்தான் இதுவரை கண்டோம். இணையவழி முன்பதிவு வந்தது நன்றே. எனினும் பதிவு செய்த நாளும் இயந்திரம் வயலில் இறங்கும் நாளும் ஒட்டாவிட்டால் அது வெறும் வரிசைச் சீட்டாகவே முடியும்.

இந்த ஈர நெல் தொல்லை புதியதன்று. அதற்கு மருந்து தேடியதில் கூட்டுறவுக்குப் பங்குண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1967இல் திருவாரூரில், தஞ்சைக் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில்தான், மழைக்காலத்து ஈர நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்று ஆராய ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து இன்று தஞ்சையில் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஆலைக் களத்தில் பிறந்த கேள்வி ஆய்வுக்கூடமாயிற்று. அங்கு கண்ட விடைகள் களத்துக்குத் திரும்பி வந்தது போதாது என்பது நம் கருத்து. ஐந்து நிலையங்களுக்கு ஓர் உலர்த்தி என்ற அளவிலாவது இயந்திர உலர்த்தல் வராமல் குறுவைத் தொல்லை தீராது. ஆனால் அதற்கு முதலீடு வேண்டும், அனுமதி வேண்டும், அவை வரும்போது வரட்டும்.

முதலீடு வேண்டாத ஒன்றை இப்போதே தொடங்கலாம் என்கிறோம். பொருள் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எடையோடு ஈரத்தையும் நாளையும் எழுதுங்கள். களத்தில் உழவர் கொட்டிய நாள், நிறுத்த நாள், லாரி ஏறிய நாள், ஆலையில் இறங்கிய நாள், தொட்டியில் விழுந்த நாள் ஆகிய ஐந்தும் போதும். லாரி ஏறும்போதும் இறங்கும்போதும் பத்து மூட்டைக்கு ஒன்றில் ஈரம் பார்த்து எழுதினால் காய்ந்து குறைந்தது எவ்வளவு, காணாமற்போனது எவ்வளவு என்பது பிரிந்து நிற்கும். உண்மையில் திருடியவர் இருந்தால் அவரும் வெளிப்படுவார். இன்று அவருக்கு வெயில்தான் சாட்சி சொல்லிக் காப்பாற்றுகிறது. கிடங்கில் அடுக்குதோறும் நாள் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டால், கதவோரம் இருக்கும் புது மூட்டையை எடுத்து அனுப்பிவிட்டுச் சுவரோரப் பழையதை மக்கவிடும் வழக்கமும் குறையும். ஆலைக்காரர் பெரிதும் வருந்துவது ஒன்று உண்டு: 14 சதவீத நெல்லும் 20 சதவீத நெல்லும் ஒரே தொட்டியில் விழுந்து, ஒன்று ஊறுமுன் மற்றொன்று ஊறி, அரைக்கும்போது நொய்யாக உதிர்கிறது. சீட்டில் ஈரம் எழுதியிருந்தால் அவர் பிரித்து ஊறப்போடலாம்.

ஏற்கெனவே எழுத்தருக்கு எழுத நேரமில்லை, இன்னும் ஐந்து கட்டமா என்று செயலாளர்கள் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. அவர்கள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. நாமே கேட்டு வாங்கிப் பின் ஒருமுறையும் புரட்டாத படிவங்கள் சில அவர்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை நிறுத்திவிடலாம் என்று நம் மேலலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். மறுமொழி வரவில்லை. வரும்வரை இந்த ஐந்து நாட்களைச் சாதாரணக் கோடிட்ட நோட்டில் எழுதினாலும் போதும். அச்சிட்ட படிவத்துக்காக இதுவும் காத்திருக்க வேண்டா.

இன்னொன்று நிருவாகக் குழுவினருக்கு. மாதக் கூட்டத்தில் ‘எத்தனை டன் வாங்கினோம்’ என்று கேட்டு மகிழ்கிறீர்கள். அடுத்த கேள்வியாக ‘மிகப் பழைய சிப்பத்துக்கு இன்று வயது என்ன’ என்று கேளுங்கள். விடை பத்து நாள் என்றால் கூட்டம் விரைவில் முடியும். அறுபது நாள் என்றால், தடை லாரியிலா, தொட்டியிலா, கிடங்கிலா என்று அன்றே பேச வேண்டியிருக்கும். நூல் கணக்கு வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்களும் இக்கேள்வியைத் தம் அலமாரிகளை நோக்கிக் கேட்டுப் பார்க்கலாம். விற்காத சேலைக்கும் வயது உண்டு.

அந்த இளைஞர் செய்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். லாரி வாடகைப் பட்டியல்களிலிருந்து ஏற்றிய நாட்களைத் தேடி எடுத்து, ஆலையின் இறக்குச் சீட்டுகளில் கிடைத்த ஈரக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, குறைவு உலர்ந்ததால் ஏற்பட்டது என்று அறிக்கை அனுப்பினோம். இரண்டு நாளில் எழுதி முடித்திருக்க வேண்டிய அவ்வறிக்கைக்கு ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை அவர் ஊதியம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிடித்தம் இப்போது கைவிடப்பட்டது. ஆனால் அவர் அடுத்த பருவத்துக்கு வேலைக்கு வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வரும் சம்பாப் பருவத்தில் நம் வட்டத்தில் இரண்டு சங்கங்கள் ஐந்து நாள் நோட்டை வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் செயலாளர், சாக்கு கேட்டு எழுதிய நாளையும் சாக்கு வந்து சேர்ந்த நாளையும்கூட முதற்பக்கத்தில் எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றோம்.